பழைய வீட்டின் முகக்களை: ஜன்னலில் கை வைப்பதற்கு முன்

சென்னை ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய வீட்டுக்கு முன்னால் சாரம் கட்டினால் போதும், தெருவில் இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். "ஹெரிடேஜ் பில்டிங்காச்சே, ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதே" என்பார் ஒருவர். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, பழசு மாதிரியே பிரவுன் கலர்ல போட்டுட்டா வித்தியாசமே தெரியாது" என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. முதல் பேச்சை நம்பியவர்கள் பயந்துபோய், ஜன்னல் உளுத்து விழும்வரை தொடாமலே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துவிடுகிறார்கள். எந்த வழியில் போனாலும் ஜன்னல் போய்விடுகிறது.

எங்கள் வீடு இரண்டாவது வழியில் போனது. பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா காலத்து வீடு. 2009-இல் தெருப்பக்கம் இருந்த மூன்று ஜன்னல்களையும் எடுத்துவிட்டு அலுமினிய ஸ்லைடிங் போட்டோம். வேலை எடுத்தவர் பழைய மரத்தைத் தானே அப்புறப்படுத்திக்கொள்வதாகச் சொல்லி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அது என்ன விலைக்குப் போகும் மரம் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்த அத்தை தெருவில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வீடு என்னமோ மாதிரி ஆயிடுச்சேடா" என்றார். என்ன மாதிரி ஆனது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

அந்த 'என்னமோ'வுக்குள் இருப்பவை எல்லாம் அளந்து சொல்லக்கூடிய விஷயங்கள். அவற்றைத் தெரிந்துகொண்டால், எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்யலாம்.

## முகக்களை என்றால் என்ன?

பத்து வருஷமாக மீசையோடு பார்த்த ஒருவர் திடீரென்று மழித்துக்கொண்டு வந்து நிற்கிறார். கண் அதே கண், மூக்கு அதே மூக்கு. ஆனாலும் ஒரு நொடி தடுமாறிவிட்டுத்தான் பேசுகிறோம். எது எங்கே, எந்த அளவில், எந்த நிழலோடு இருக்கிறது என்பதை வைத்துத்தான் மனசு ஒரு முகத்தை அடையாளம் வைத்திருக்கிறது. வீட்டையும் அப்படித்தான் வைத்திருக்கிறது.

கட்டிடப் பாதுகாப்பில் இதை 'வரலாற்றுத் தன்மை' என்பார்கள். ஒரு கட்டிடம் எந்தக் காலத்தில், எந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும், எந்தப் பொருளால், எந்த மாதிரி வாழ்க்கைக்காகக் கட்டப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களின் தொகுப்பு அது. அழகு வேறு, இது வேறு. அலங்காரம் துளியும் இல்லாத ஒரு துறைமுகக் கிடங்குக்கும் வரலாற்றுத் தன்மை உண்டு. வயதும் இதுவும்கூட ஒன்றல்ல. நூறு வயதான வீட்டின் முகப்பு முழுவதும் டைல்ஸ் ஒட்டிவிட்டால் வயது குறையாது, தன்மை போய்விடும்.

இதில் ஜன்னலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ராயபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே போய் நின்று பாருங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். அதன் உயரமான திறப்புகளை மட்டும் மனசுக்குள் செங்கல் வைத்து அடைத்துப் பாருங்கள். தூண்கள் நிற்கின்றன, சுவர் நிற்கிறது, ஆனால் உங்கள் எதிரே இருப்பது ஒரு குடோன். 1884-இல் கட்டிய தலைமை அஞ்சலகம், 1892-இல் திறந்த உயர் நீதிமன்றம் என்று ராஜாஜி சாலையிலும் பாரிமுனையிலும் எந்தக் கட்டிடத்தை வைத்தும் இதைச் செய்து பார்க்கலாம். சுவருக்கு வெளிச்சமும் நிழலும் தருவது திறப்புகள்தான்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். பழமையான தோற்றம் வேறு, பழைய தன்மை வேறு. முத்தியால்பேட்டை வீட்டு ஜன்னலைப் பெயர்த்துவிட்டு, எங்கிருந்தோ வாங்கிய காரைக்குடிச் செதுக்கு ஜன்னலைப் பொருத்தி, 'ஹெரிடேஜ் லுக்' என்கிறார்கள். அந்தச் செதுக்கு வேலை உண்மையானது, அருமையானது, ஆனால் அது காரைக்குடியின் கதை. கடலுக்குப் பக்கத்தில், வியாபாரத் தெருவில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டின் எளிய ஜன்னலுக்கு அதன் சொந்தக் கதை இருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்டுவது, சொந்தப் பாட்டியின் படத்தை எடுத்துவிட்டு வேறொருவர் பாட்டியின் படத்தை மாட்டுவது போல.

இதுவரை சொன்னது: வரலாற்றுத் தன்மை என்பது கட்டிடத்தின் காலத்தையும் ஊரையும் காட்டும் அடையாளங்கள். வயதோ அலங்காரமோ அதற்கு ஈடாகாது. முகப்பில் அது பெரும்பாலும் திறப்புகளில் தங்கியிருக்கிறது.

## ஒரு ஜன்னலைப் பக்கத்தில் நின்று பார்ப்போம்

எங்கள் வீட்டில் போன ஜன்னலை எனக்கு இன்னும் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும். வட சென்னையின் பழைய வீடுகளில் இதே குடும்பத்து ஜன்னல்கள் இன்னும் நிற்கின்றன.

சுவரோடு பதிந்து நிற்கும் கனமான மரச் சட்டம் 'நிலை'. அதில் கீல் மாட்டித் திறந்து மூடுபவை 'கதவுகள்'. எங்கள் ஜன்னலுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு கதவுகள். இந்த நான்கு கதவு ஏற்பாட்டை யோசித்தவருக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். தெரு மட்டத்தில் வீடு, திண்ணையில் ஆள் உட்கார்ந்திருப்பார், உள்ளே பெண்கள் வேலையாக இருப்பார்கள். கீழ்க் கதவுகளைச் சாத்திவிட்டால் தெருவுக்கு உள்ளே தெரியாது. மேல் கதவுகள் திறந்திருப்பதால் காற்றும் வெளிச்சமும் வந்துகொண்டே இருக்கும். மழைச்சாரல் அடித்தால் எது நனைகிறதோ அதை மட்டும் சாத்தலாம். ஒரு சுவிட்சும் இல்லாமல் காற்று, வெளிச்சம், மறைவு மூன்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற கருவி அது.

கதவுகளுக்கு வெளியே நிலையில் செங்குத்தாக இரும்புக் கம்பிகள். மேலே அரைவட்ட ஆர்ச், அதில் நிறக் கண்ணாடி. மாடியில் சில வீடுகளில் லூவர் கதவு இருக்கும். சரிவான மரப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கதவு அது. நடுவில் ஓடும் குச்சியை மேலே தள்ளினாலோ கீழே இழுத்தாலோ பட்டைகள் சாயும். வெயில் வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும்.

இப்போது கண்ணுக்குச் சட்டென்று படாத ஒன்று. பழைய சுவர்கள் தடிமனானவை. கொத்தனார் கணக்கில் ஒன்றரைக் கல் சுவர், கிட்டத்தட்ட 14 அங்குலம். எங்கள் ஜன்னலின் நிலை, சுவரின் வெளிமுகத்திலிருந்து 5 அங்குலம் உள்வாங்கி இருந்தது. இந்த உள்வாங்கலை 'பதிவு ஆழம்' என்று வைத்துக்கொள்வோம். காலை வெயில் சாய்வாக விழும்போது அந்த 5 அங்குலம் ஒரு கறுத்த நிழலாக மாறி ஜன்னலைச் சுற்றி மை தீட்டியது போல நிற்கும். தெருவிலிருந்து பார்க்கிறவர் ஜன்னலின் கனம், சுவரின் கனம் எல்லாவற்றையும் அந்த நிழலில்தான் உணர்கிறார்.

இன்னும் மூன்று அளவுகள். ஒன்று, விகிதம்: பழைய ஜன்னல்கள் அகலத்தைவிட உயரத்தில் ஓங்கியவை. இரண்டு, கோட்டின் தடிமன்: கதவுச் சட்டம் எவ்வளவு அகலம், கண்ணாடியைப் பிரிக்கும் குச்சிச் சட்டம் எவ்வளவு மெலிசு என்பது. மூன்று, வரிசை: ஒரே மாதிரி ஐந்து ஜன்னல் இருக்கிற முகப்பில் ஒன்றை மட்டும் மாற்றினால், சிரிக்கிற வாயில் ஒரு பல் போனது போல அதுதான் முதலில் தெரியும்.

## அலுமினியம் வந்தபோது நடந்தது

அத்தையின் 'என்னமோ மாதிரி' இப்போது பிடிபடும். புதுச் சட்டத்தைச் சுவரின் வெளிமுகத்தோடு சமமாக நிறுத்தினார்கள். நிழல் போனது. ஆர்ச்சுக்கு அலுமினியத்தை வளைப்பது வேலை என்று மேல்பகுதியைச் செங்கல் வைத்து அடைத்துச் சதுரமாக்கினார்கள். ஓங்கி நின்ற விகிதம் போனது. நான்கு கதவுகள் இருந்த இடத்தில் இரண்டு பெரிய கண்ணாடிகள் வந்தன. பழைய ஜன்னல் பகலில் தெருவுக்கு ஒரு ஆழமான இருட்டைக் காட்டும். புதுக் கண்ணாடி எதிர்வீட்டையும் ஈபி கம்பத்தையும் திருப்பிக் காட்டியது. நிறம் மட்டும் சொன்னபடி பிரவுன்தான். தன்மை நிறத்தில் கொஞ்சம்தான் இருக்கிறது என்பதை நாங்கள் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

தோற்றத்தோடு முடியவில்லை. அந்த வருஷம் மே மாதம் முன்னறையில் உட்கார முடியவில்லை.

காரணம் எளிது. கீல் கதவைத் திறந்தால் திறப்பு முழுவதும் திறக்கும். ஸ்லைடிங்கில் ஒரு கண்ணாடி மற்றதன் பின்னால்தான் போய் நிற்க முடியும் என்பதால் எப்போதும் பாதி மூடியே இருக்கும். கோடையில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றுதான் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு உயிர். பழைய வீட்டில் முற்றத்தில் சூடான காற்று மேலே ஏறி வெளியேறும், அந்த இடத்தை நிரப்ப முன் ஜன்னல் வழியாகக் காற்று இழுபடும். காற்று நுழையும் ஜன்னலில் பாதியை அடைத்தால் இழுப்பு குறையும். மேல் வென்டிலேஷனாக இருந்த ஆர்ச்சையும் அடைத்துவிட்டதால், கூரைக்குக் கீழே தேங்குகிற சூடு வெளியேற வழியே இல்லை.

கண்ணாடியும் தன் பங்குக்குச் செய்தது. சாத்திய தேக்குக் கதவு வெயிலை வெளியே நிறுத்தும். வெறும் கண்ணாடி வெயிலை உள்ளே விட்டுவிடும். தரையும் சுவரும் அதை வாங்கிச் சூடாகும். சட்டத்தைப் பார்த்தால், அலுமினியம் மரத்தைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் பொருள். வெயில் பட்ட அலுமினிய டம்ளரையும் மரக் கரண்டியையும் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் யுபிவிசி என்கிற பிளாஸ்டிக் ஜன்னல்? அது சூட்டை அதிகம் கடத்தாது, அது உண்மை. ஆனால் பிளாஸ்டிக் குழாய்ச் சட்டம் வலுவாக நிற்பதற்காகத் தடிமனாகத்தான் வரும். மெல்லிய கோடுகள் தடித்துப் போகும், கண்ணாடிப் பரப்பு சுருங்கும். சூட்டில் விரியும் அளவும் மரத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சட்டம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை நீளும். புதுக் கட்டிடத்தில் அதற்கு இடம் விட்டுப் பொருத்துகிறார்கள். கோணல்மாணலான பழைய திறப்பில் அந்த இடைவெளியை சிலிகான் அப்பித்தான் மூட வேண்டியிருக்கிறது. அது பிளந்தால் மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்கும், சட்டத்துக்குப் பின்னால் என்பதால் கண்ணுக்கும் தெரியாது.

சுருக்கமாக: பதிவு ஆழம், விகிதம், கோட்டின் தடிமன், திறக்கும் விதம். இந்த நான்கும்தான் எங்கள் வீட்டில் போனவை. இவற்றில் திறக்கும் விதம் போனால் தோற்றத்தோடு வசதியும் போகும்.

## உளுத்தது எவ்வளவு என்று குத்திப் பார்

பழைய ஜன்னலை மாற்றுவதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் 'மரம் போயிடுச்சு' என்பதுதான். எவ்வளவு போனது என்று யாரும் கேட்பதில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுக்குப் போனால் இதற்கு விடை கரையில் நிற்கும். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் மரப் படகுகளைக் கரையேற்றிப் பலகை பலகையாகத் தட்டிப் பார்ப்பார்கள். போன பலகையை மட்டும் எடுத்துவிட்டுப் புதுப்பலகை வைத்து, இடுக்கில் பஞ்சுத் திரியை அடித்து அடைத்து, வண்ணம் பூசி இறக்கிவிடுவார்கள். ஒரு பலகை உளுத்துவிட்டது என்பதற்காகப் படகையே உடைத்து விற்கிறவர் யாருமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராயபுரத்தில் அத்தை வீட்டு ஜன்னலுக்கு இதே கேள்வி வந்தது. கீழ்ச்சட்டம் மாவாக உதிர்ந்தது. எல்லாரும் "எடுத்துடலாம்" என்றார்கள். வந்த ஆசாரி வயதானவர். பேசாமல் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கீழிருந்து மேலாக அங்குலம் அங்குலமாகக் குத்திக்கொண்டே போனார். முதல் மூன்று குத்துக்கு முனை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. நான்காவது குத்தில் பாதி இறங்கி நின்றது. ஐந்தாவதில் 'டொக்' என்று சத்தம் வந்தது. அதற்கு மேல் எங்கே குத்தினாலும் டொக், டொக்.

"கீழ நாலு இஞ்சிதான் தம்பி போயிருக்கு. மேல தட்டிப் பாரு, கல்லு மாதிரி கீது. இந்த மரத்த இன்னிக்கு எந்தக் கடையில போய் வாங்குவ?" என்றார்.

அவர் கேட்டதில் அறிவியல் இருக்கிறது. மரத்தின் நடுப்பகுதியை 'வைரம்' என்கிறோம், வெளிப்பகுதி வெளிறிய மென்மரம். தேக்கின் வைரத்தில் இயற்கையாகவே இருக்கும் எண்ணெயும் வேதிப்பொருள்களும் கரையானையும் பூஞ்சையையும் அண்டவிடாது. மென்மரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய தேக்கு, காட்டில் பல காலம் நின்று வளர்ந்து வைரம் பாய்ந்தது. தோட்டத்தில் வளர்த்துச் சீக்கிரம் வெட்டுகிற இன்றைய தேக்கில் வைரத்தின் பங்கு குறைவு. அதனால் பழைய ஜன்னலை எறிந்துவிட்டுப் புதுத் தேக்கு போடுவதுகூடப் பல சமயம் நல்ல மரத்தைக் கொடுத்துச் சுமாரான மரத்தை வாங்குவதுதான்.

அவர் செய்த வேலைக்கு 'ஒட்டு' என்று பெயர். உளுத்த பகுதிக்கு மேலே, நல்ல மரத்தில், நேர்குறுக்காக வெட்டாமல் நீண்ட சாய்வாக அறுத்தார். மரத்தின் குறுக்குவெட்டில் பசை சரியாகப் பிடிக்காது, நரம்பு ஓடும் போக்கில்தான் பிடிக்கும். சாய்வாக அறுத்தால் அந்தப் பரப்பு பல மடங்கு கூடும். அதே சாய்வில் இழைத்த புதுத் துண்டை, இடிப்பு மரக் கடையில் தேடி வாங்கிய பழைய தேக்கிலிருந்து எடுத்தார். நரம்பு ஒரே திசையில் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பசை வைத்து, மூங்கில் ஆணி அடித்து, இழைப்புளி போட்ட பிறகு விரலால் தடவினால் இணைப்பு தெரியவில்லை. சாய்வு வெளிப்பக்கமாக இறங்கும்படி வைத்ததால் தண்ணீர் இணைப்புக்குள் தேங்காது. மொத்தம் இரண்டரை நாள் வேலை.

அதோடு விட்டிருந்தால் சில மழைக்காலத்தில் அந்தத் துண்டும் போயிருக்கும். கீழ்ச்சட்டம் ஏன் உளுத்தது என்று அவரே கண்டுபிடித்தார். எப்போதோ யாரோ ஜன்னலின் வெளித்தரையில் சிமெண்ட் பூசும்போது வாட்டத்தை உள்பக்கமாக வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் தெருப்பக்கம் வடியாமல் மரத்தடியில் குளம் கட்டி நின்றிருக்கிறது. மரத்தை உளுக்க வைப்பது பூஞ்சை. பூஞ்சைக்குத் தேவை தேங்கிய ஈரம். சன்ஷேடு விரிசல், அடைத்த மழைநீர்க் குழாய், தப்பான வாட்டம் இவற்றைச் சரிசெய்யாமல் எந்த ஜன்னலைப் போட்டாலும் பணம் தண்ணீரில்தான்.

கம்பிக்கும் இதே கதைதான், வேறு வேதியியல். கடல் உப்பு படிந்த இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். துரு, தான் உண்டான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்குவரை இடம் பிடிக்கும். மரத்தில் செருகிய கம்பியின் முனை அப்படி வீங்கும்போது சட்டத்தைப் பிளந்துவிடும். ராயபுரத்தில் மரம் பிளந்திருந்தால் முதலில் கம்பியின் காலைப் பாருங்கள். துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிப்பது ஒரு நாள் வேலை.

பழைய கண்ணாடியில் தெரியும் அலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணாடி ஒரு திரவம், நூறு வருஷத்தில் மெதுவாகக் கீழே வழிந்துவிட்டது என்று படித்தவர்களே சொல்கிறார்கள். வழியவில்லை. ஊதித் தட்டையாக்கிய காலத்துக் கண்ணாடி பிறந்தபோதே அலையோடுதான் பிறந்தது. உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டு வழுவழுவென்று கண்ணாடி செய்யும் முறை 1950-களில்தான் வந்தது. அந்த அலைக் கண்ணாடி உடையாமல் இருந்தால் அதைக் 'கெட்டுப்போனது' என்று மாற்றாதீர்கள். அப்படி ஒன்று இன்று கடையில் கிடைக்காது.

## சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட்

பழைய வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். 'சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும்' என்பார்கள். சுவர் காற்றை இழுத்து விடுவதில்லை; சுவருக்குள் போன ஈரம் ஆவியாக வெளியே வர அது வழிவிடுகிறது. சிமெண்ட் அந்த வழியை அடைக்கும். ஜன்னலைப் பொருத்திவிட்டு நிலையைச் சுற்றிச் சிமெண்ட் அப்பினால், ஈரம் போக்கிடம் தேடி மரத்துக்குள் போகும், அல்லது பக்கத்துச் செங்கல்லில் உப்பாகப் பூத்துச் செங்கல்லை உதிர்க்கும். சுண்ணாம்பு மென்மையானது, சுவர் அசைந்தால் கூடவே அசைந்து கொடுக்கும். சிமெண்ட் அசையாது, செங்கல்லைத்தான் உடைக்கும். நிலையைச் சுற்றி சுண்ணாம்புக் காரைதான் பூச வேண்டும் என்று கொத்தனாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வேலை நடக்கும் நாளில் சொன்னால் கலக்க நேரம் இல்லை என்பார்.

## கொசு, இரைச்சல், ஏசி

இந்தத் தேவைகளை அலட்சியமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பக்கிங்காம் கால்வாய்க்குப் பக்கத்தில் குடியிருந்து ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வது யாராலும் முடியாத காரியம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் விடிய விடிய ஓடும் சாலையில் தூக்கமும் வேண்டும்தானே. தன்மையைக் காப்பாற்றுவது என்றால் அதில் வாழ்கிறவர்களைத் தண்டிப்பதல்ல.

இங்கே உதவுவது 'மீட்கக்கூடிய மாற்றம்' என்ற கருத்து. பின்னால் வருகிறவர் கழற்றிவிட்டால், கட்டிடம் முன்பிருந்த நிலைக்குத் திரும்ப வேண்டும். கொசு வலையை மெல்லிய மரச் சட்டத்தில் அடித்து நிலையின் உள்பக்கம் நான்கு திருகாணியில் மாட்டுங்கள். தெருவுக்குத் தெரியாது, எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். இரைச்சலுக்கு, பழைய கதவை அப்படியே விட்டு, உள்பக்கம் இன்னொரு கண்ணாடிக் கதவு போடலாம். இரைச்சல் பெரும்பாலும் இடுக்கு வழியாகத்தான் வருகிறது. ரப்பர் பட்டை ஒட்டி இடுக்கை அடைத்து, இரண்டு கதவுக்கும் நடுவே ஒரு கை அகலம் காற்று இருந்தால், ஜன்னலைப் பெயர்க்காமலே பெரிய மாற்றம் தெரியும். ஏசிக் குழாயை ஆர்ச் கண்ணாடியை உடைத்துக் கொண்டுபோகாமல் பக்கச் சுவரில் துளை போட்டுக் கொண்டுபோகலாம்; துளையைச் சுண்ணாம்பு வைத்து அடைக்கலாம், உடைந்த நிறக் கண்ணாடியை எங்கே தேடுவது?

## மாற்றியே ஆக வேண்டும் என்றால்

சில ஜன்னல்கள் உண்மையிலேயே போய்விடும். நிலையின் நான்கு பக்கமும் கரையான் தின்று, தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தால், ஒட்டுப் போட நல்ல மரம் மிச்சமிருக்காது. அப்போது மாற்றுவது தவறில்லை. ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற ஊரில் 1979-இல் ஏற்றுக்கொண்ட பாதுகாப்பு நெறிமுறை இதற்கு ஒரு நல்ல அளவுகோல் தருகிறது: தேவையான அளவுக்கு மாற்று, ஆனால் முடிந்தவரை குறைவாக மாற்று.

மூன்று ஜன்னலில் ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றுவதற்கு முன்னால் எதிரில் நேராக நின்று படம் எடுத்து, பதிவு ஆழம், சட்டத்தின் அகலம், கண்ணாடிக் குச்சியின் தடிமன், கீல் இருக்கும் இடம் எல்லாவற்றையும் சுவரில் இருக்கும்போதே அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். கழற்றிய பிறகு அளந்தால் பதிவு ஆழம் கிடைக்காது. கீல், கொக்கி, தாழ்ப்பாள், பித்தளைக் குமிழ் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்துப் புதிய கதவில் பூட்டலாம். தினமும் கை படுவது அவைதான். புது மரத்தின் மறைவான பக்கத்தில் மாற்றிய வருஷத்தை உளியால் பொறித்துவிட்டால், நாளைக்கு வருகிறவர் எது பழசு எது புதுசு என்று ஏமாற மாட்டார். பழையதோடு இசைந்து போக வேண்டும், ஆனால் பழையதென்று பொய் சொல்லக் கூடாது என்பதை 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் வலியுறுத்துகிறது.

எல்லாப் பக்கத்துக்கும் ஒரே கண்டிப்பு தேவையில்லை என்பது என் கருத்து. தெருமுகப்பு, முற்றத்தைச் சுற்றிய ஜன்னல்கள், இவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பின்கட்டில் குளியலறைக்கு 1980-களில் போட்ட ஜன்னலை யுபிவிசி ஆக்கினால் ஒன்றும் குறையாது. கையில் இருக்கிற காசு அளவானது என்றால் அதை முகப்புக்குச் செலவழியுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பில் நகரின் நானூறுக்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டிடங்களின் பட்டியல் இடம்பெற்றது. அவற்றில் மாற்றம் செய்ய சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 2012-இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் நிறைவேறியது. உங்கள் கட்டிடம் பட்டியலில் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். ஆனால் ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் உள்ள பெரும்பாலான பழைய வீடுகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அங்கே கேட்க வேண்டிய ஆள் வீட்டுக்காரர்தான்.

## போன ஜன்னலைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

முடியும், சாட்சி கிடைத்தால். எங்கள் வீட்டில் அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறோம்.

முதல் சாட்சி சுவர். அலுமினியச் சட்டத்தைக் கழற்றியதும், சுற்றி அடைத்திருந்த சிமெண்டுக்குப் பின்னால் பழைய நிலை பதிந்திருந்த தடம் சுண்ணாம்பில் அச்சாகத் தெரிந்தது. 5 அங்குலம் என்று நான் நினைவிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது சரிதான். அளந்தபோது 5 அங்குலமும் ஒரு நூலும் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). ஆர்ச்சை அடைத்திருந்த செங்கல்லை எடுத்தபோது பழைய வளைவு சிதையாமல் இருந்தது. அடைத்தவர் இடிக்காமல் அடைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டாவது சாட்சி அப்பாவின் கல்யாணப் படம். மாலையும் கழுத்துமாக இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருக்க, பின்னால் ஜன்னல் முழுசாக விழுந்திருக்கிறது. திண்ணையின் உயரம் இன்றும் மாறவில்லை. அதை அளந்து, படத்தில் திண்ணை எத்தனை மில்லிமீட்டர், ஜன்னல் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒப்பிட்டு, ஏழு கம்பி, கம்பிக்குக் கம்பி எவ்வளவு இடைவெளி, கீழ்க் கதவு எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டோம். அத்தை வீட்டுக்கு வந்த அதே ஆசாரிதான் வேலை செய்கிறார். படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "கதவு உள்பக்கமா தொறக்குது, கம்பி வெளியில கீது" என்றார். கம்பியைத் தாண்டி வெளியே திறக்க வழியில்லை என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

ஆர்ச்சில் இருந்த கண்ணாடியின் நிறம் மட்டும் பிடிபடவில்லை. படம் கறுப்பு வெள்ளை. அத்தை பச்சை என்கிறார், அப்பா நீலம் என்கிறார். போன வாரம் கொத்தனார் ஆர்ச்சின் அடியைச் சுரண்டும்போது, காரையில் பதிந்து நகத்தளவு ஒரு சில்லு வந்தது. கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பச்சை.